மார்க்கோ காக்கா போட்ட வட்டம்

சக ஊழியர் ஒருவருக்குப் பயந்து, டீ குடிக்கக்கூடப் பின்வாசல் வழியாகப் போன ஆட்கள் உலகத்திலேயே நாங்கள்தான். கடை, துபாய் தேராவின் மசாலாச் சந்தையில். முன்வாசலில் காவல் நின்றவர் மார்க்கோ காக்கா. பெற்றவர்கள் வைத்த பெயரை அவருடைய பாஸ்போர்ட்டைத் தவிர எல்லாரும் மறந்துவிட்டோம்.

காக்கா காயல்பட்டினத்துக்காரர்; அந்த ஊரில் காக்கா என்றால் அண்ணன். எழுநூறு வருஷத்துக்கு முன் வெனிஸ் வியாபாரி மார்க்கோ போலோ அந்த ஊருக்கு வந்து, பார்த்ததைச் சொல்லிவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டார். காக்காதான் இன்னும் அவரோடு சண்டையை முடித்தபாடில்லை.

"இந்தக் கரையிலேர்ந்து கப்பல் கப்பலா குதிரை நம்ம ஊருக்கு வந்துச்சு ஓய். வந்ததெல்லாம் செத்துப்போச்சாம். நமக்குக் குதிரை வளக்கத் தெரியலியாம். சோறும் கறியும் ஆக்கிப் போட்டோமாம்!"

"இருக்கட்டும் காக்கா, ஏலக்கா மூட்டைய எறக்குங்க."

"குதிரைக்கு எவனாச்சும் பிரியாணி போடுவானா? நீரே சொல்லும்!"

சொல்லாமல் நகர முடியாது. ஏனென்றால் மார்க்கோ போலோ சொன்னதில் ஒன்றை மட்டும் காக்கா அப்படியே நம்பினார். அந்தக் காலத்தில் கடன்பட்டவனைச் சுற்றித் தரையில் வட்டம் போட்டுவிட்டால், தீர்க்காமல் அவன் வெளியே வரக்கூடாதாம். கடன் கொடுக்கக் காக்காவிடம் ஏது காசு? கதை கேட்காமல் ஓடுகிறவர்கள் மேல் அந்தச் சட்டத்தைத் திருப்பினார். நீளமான பட்டைக் குச்சியை எடுத்து, மசாலாத் தூசி படிந்த தரையில் நம்மைச் சுற்றி ஒரு கோடு.

"கடனுக்கு ராஜாவே நின்னாராம். உமக்கென்ன கேடு?"

போட்டவர் காலால்தான் அழிக்க வேண்டும் என்பது காக்கா சேர்த்த விதி. பாத்ரூமுக்கு ஓடியவனைக்கூட நிறுத்தி, குதிரையைக் கப்பலை விட்டு இறக்கிய பிறகே விட்டார்.

"என்னச் சுத்திப் போட்டாலும் நிப்பேன் ஓய். சட்டம்னா சட்டம்" என்பார். அவரை நிறுத்திவைக்க ஆசைப்படுகிற பைத்தியம் எங்களில் யாருக்கும் பிடிக்கவில்லை.

முதலாளி கடைசியாக எச்சரித்தார். "கஸ்டமர் யாராச்சும் இனி கம்ப்ளெயின்ட் பண்ணினா கலாஸ். விசா கேன்சல்."

காக்கா இரண்டு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். அப்போதுதான் குங்குமப்பூ வாங்க ஒரு வெள்ளைக்காரத் தம்பதி வந்தது. எந்த ஊர் என்று நான் கேட்டிருக்கக் கூடாது. "வெனிஸ்" என்றார் அந்த மனிதர்.

காக்காவின் கை பட்டைக் குச்சியைத் தேடியது. நான் மேசையைத் தாண்டி வருவதற்குள் வட்டம் போட்டாகிவிட்டது.

"யுவர் மேன் டெல் லை! ஹார்ஸ் பிரியாணி நோ ஈட்!"

அந்த மனிதர் முதலில் சிரித்தார். வெளியே காலை வைக்கப் போனபோது காக்கா குறுக்கே நின்றார். அந்த அம்மா அலறினார். வெளியே அவர்களுடைய டூர் பஸ் கிளம்பிப் போயே போய்விட்டது. முதலாளி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். வயசான ஆள், விட்டுவிடுங்கள் என்று நானும் கெஞ்சிப் பார்த்தேன். மாஃபி, அதெல்லாம் கிடையாது என்றார்.

போகிற நாளில் காக்கா பெட்டியோடு கடைக்கு வந்தார். வாசலில் ஏர்போர்ட்டுக்கு வண்டி நின்றது. பட்டைக் குச்சியை என் மேசைமேல் வைத்து, "வரட்டா ஓய்" என்றார். அவ்வளவுதான். குதிரையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இத்தனை வருஷம் உயிரை வாங்கிய மனிதர் இப்படிச் சத்தமில்லாமல் போவதா? எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. குச்சியை எடுத்தேன். குனிந்து அவரைச் சுற்றி ஒரு வட்டம் போட்டேன்.

பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றார்.

"பிளைட்டுக்கு நேரமாச்சு ஓய்."

"குதிர ஏன் செத்துச்சுன்னு சொல்லிட்டுப் போங்க."

முகமெல்லாம் பல்லாகச் சொன்னார். கடல் பயணத்தின் அலுப்பு, ஊர் வெக்கை, புல் கிடைக்காத கோடை, ஒன்று விடவில்லை. டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். பின்வாசல் ஆட்கள் அத்தனை பேரும் முன்னால் வந்து நின்று கேட்டோம்.

"முடிஞ்சுபோச்சு ஓய். அழிச்சுவிடும், நான் போவணும்."

அழிக்கத்தான் வேண்டும். சட்டம்னா சட்டம். என் கால்தான் எழவில்லை.