காயத்தாரின் மரத்தடிச் சண்டைகள்

இந்த உலகத்தில் அதிக தடவை செத்த மனிதர் யார் என்று என்னைக் கேட்டால், காயத்தார் என்றுதான் சொல்வேன். திருநாளுக்குத் திருநாள் செத்தவர். வாளால் செத்தார், ஈட்டியால் செத்தார், ஒருமுறை பெற்றோல்மாக்ஸ் அணைந்துபோய், வெட்டியது யார் என்றே தெரியாமல் செத்தார். எங்கள் முல்லைத்தீவுக் கடற்கரையில் கோயில் கூத்துப் போட்டால் கெட்ட அரசன் வேஷம் அவருக்குத்தான். கெட்ட அரசன் கடைசியில் விழவேண்டும். விழுவதற்கு அவரைப்போல் ஆள் கிடையாது. மேடைப் பலகை அதிரும். முன்னுக்கு இருக்கிற பிள்ளைகள் வீரிட்டு அழும்.

அந்தச் சாவுகளில் ஒன்றுகூட அவருக்குப் பிடித்ததில்லை.

“திரேசம்மா, நல்ல அரசன் அங்கால மூலையில நிண்டு வாளை வீசுவான். வாள் என்னில படாது. காத்துக்கூடப் படாது. ஆனா நான் விழோணும். ‘உனக்குப் பட்டதோ?’ எண்டு ஒருத்தன், ஒரே ஒருத்தன், என்னைக் கேட்டவனோ?”

இதை என்னிடம் சொல்லும்போது அவருடைய மீசை துடிக்கும். அந்த மீசையும் அடுப்புக்கரியால் கீறினது. கூத்துக்கென்று கீறத் தொடங்கியவர், பிறகு சைக்கிளில் கருவாடு விற்கப் போகும்போதும் கீறிக்கொண்டு போனார். மழை பெய்தால் மீசை நாடி வரைக்கும் இறங்கிவிடும். அதைப் பார்த்து நாங்கள் சிரித்தால், எங்களுக்குக் கலை தெரியாது என்பார்.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் கடற்கரையை விட்டு ஓடி, அக்கராயன் குளத்துக்குக் கிட்ட ஒரு காணியில் கொட்டில் போட்டு இருந்தோம். உப்புக் காற்றில் பிறந்த எங்களுக்கு அந்த வயல்காற்று ஒத்துக்கொள்ளவில்லை. கரண்ட் இல்லை. ரேடியோவுக்கு பற்றரி இல்லை. கூத்து உடுப்பு, மத்தளம், கூத்து எழுதின கொப்பி எல்லாம் கடற்கரையோடு போய்விட்டன. பின்னேரம் வந்தால் யோசிப்பதைத் தவிர ஆட்களுக்கு வேறு வேலை இல்லை. அந்தக் காலத்தில் எங்கள் சனம் எதை யோசித்திருக்கும் என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

எனக்கு வேறொரு யோசனையும் இருந்தது. என் தம்பி சூசையும் அவனுடைய கூட்டாளி பேதுருவும் ஒரே தோணிக்காரர்கள். ஊரைவிட்டு வெளிக்கிட்ட அன்று களப்புத் தண்ணியைக் கடக்கத் தோணியில் சனத்தை ஏற்றிவிட்டு, சூசை வலையை எடுத்துவர வீட்டுக்கு ஓடினான். ஷெல் விழத் தொடங்கியது. பேதுரு நிற்கவில்லை. தோணியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டான். சூசை வலையைத் தலையில் சுமந்துகொண்டு காட்டுவழியால் சுற்றி நடந்து வந்தான். அவன் செத்துவிட்டான் என்றே நாங்கள் நினைத்து, செபமும் சொல்லி முடித்துவிட்டோம். வந்தவன் யாரோடும் கதைக்கவில்லை. மீன் வெட்டுகிற கத்தியை எடுத்துக் கல்லில் தீட்டத் தொடங்கினான். பேதுருவின் கொட்டில் நேர் எதிரே. “அவன் என்ர வளவுக்கு முன்னால வந்தா வெட்டுவன்” என்று ஒரு தரம் சொன்னான். சூசை ஒன்றைச் சொன்னால் செய்கிறவன். எங்கள் வீட்டு ஆட்கள் எல்லோருமே அப்படித்தான். அதனால்தான் எனக்குப் பயம்.

இந்த நேரத்தில்தான் காயத்தார் ஒரு மருதமரத்துக்குக் கீழே வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதில் ஏறி இருந்தார்.

“உடுப்பில்லாட்டி என்ன? வாய் இருக்குத்தானே. சண்டையைச் சொல்லிப் பிடிப்பம்” என்றார்.

அவருடைய சண்டை இப்படி. இரண்டு பேர் எதிரெதிரே இருக்கவேண்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு வீரன். ஒரு முறைக்கு ஒரு வெட்டுத்தான். வெட்டுகிறவர் எங்கே, எதனால் வெட்டுகிறேன் என்று மட்டும் சொல்லலாம். பட்டதா, எவ்வளவு பட்டது என்று சொல்கிற உரிமை மற்றவருக்கு. அவர் சொல்லி முடிக்கும்வரை வெட்டினவர் வாய் திறக்கவும் கூடாது, அசையவும் கூடாது. பட்டது என்று சொன்னால், அந்தக் காயத்தால் இனி என்னென்ன செய்ய முடியாது என்பதையும் அவரே சொல்லவேண்டும். எல்லா வெட்டுக்கும் விலகினேன் விலகினேன் என்று சொல்லுகிற ஆளை வாளியில் தட்டி எழுப்பி வீட்டுக்கு அனுப்பிவிடுவார். யாராவது வாயைத் திறந்தால் “எங்க காயம்? காயத்தைச் சொல்லு” என்றுதான் கேட்பார். காயத்தார் என்ற பேர் அப்படி வந்தது. சொந்தப் பேர் எனக்கும் தெரியும். அதை இங்கே எழுதினால் யாரென்று உங்களுக்கு மட்டுமல்ல, அவருக்கே தெரியாமல் போய்விடும்.

முதல் நாள் என்னைத்தான் இருத்தினார். எதிரே சங்கக்கடை மனேச்சர். என்னுடைய ஆள் ஒரு இளவரசி. மனேச்சருடைய ஆளுக்குத் தேர், குதிரை, நச்சு அம்பு, துளைக்காத கவசம் எல்லாம் இருந்தன. சங்கக்கடையில் சீனிகூட இல்லாத காலம், ஆனால் மனேச்சரின் வீரனுக்கு ஒரு குறையும் இல்லை.

மனேச்சர் எடுத்த எடுப்பிலேயே, “என்ர வாள் வீச்சில இளவரசி செத்து விழுந்திட்டா” என்றார்.

காயத்தார் வாளியில் இருந்து துள்ளி எழுந்தார். “நீர் ஆர் காணும் அவாவைச் சாக்காட்ட? வீசினது உம்மட வேலை. செத்தவாவோ இல்லையோ எண்டு அவா சொல்லோணும்! திரேசம்மா, செத்திட்டியளோ?”

“இல்லை” என்றேன். “நெத்தியில சின்னக் கீறல். அவ்வளவுதான்.”

“நெத்திக் கீறலில ரத்தம் நிக்காது. கண்ணுக்குள்ள வடியும். இனி நீங்கள் ஒரு கண்ணாலதான் பாக்கலாம்.”

எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் நியாயம் என்று ஒன்று இருக்கிறதே. ஒற்றைக் கண்ணோடு எழும்பி நின்று, குதிரையின் காலைப் பார்த்து ஈட்டியை எறிந்தேன். மனேச்சர், “என்ர குதிரை பறக்கும்” என்றார்.

“செட்டை இருக்கெண்டு தொடங்கேக்க சொன்னனீரோ?”

“இல்லை.”

“அப்ப பறக்காது. அதோட காலமை தொடக்கம் ஓடுது, ஒரு சொட்டுத் தண்ணி குடுத்தனீரோ? வாயில்லாச் சீவனடா அது! இறங்கும், இறங்கி நடவும்!”

மனேச்சர் அன்று வீடு போகும்வரைக்கும் அந்தக் குதிரைக்காக ஆட்களிடம் பேச்சு வாங்கினார். அடுத்த நாள் நான் கிணற்றடிக்குப் போனால், காயத்தார் முகத்தைச் சுளித்துக்கொண்டு நிற்கிறார். “என்ன திரேசம்மா, ரெண்டு கண்ணையும் திறந்துகொண்டு வாறியள்? நெத்திக் காயம் ஒரு ராவில ஆறுமோ?” அந்தக் கிழமை முழுவதும் அவர் எதிரே வந்தால் நான் ஒரு கண்ணை மூடிக்கொள்ள வேண்டியிருந்தது. இந்த வயதில் இதைச் சொல்ல வெட்கமில்லை. காணி முழுவதுமே அப்படித்தான் இருந்தது. முதல்நாள் மரத்தடியில் காலில் வெட்டுப்பட்டவர்கள் மறுநாள் நொண்டிக்கொண்டு விறகுக்குப் போனார்கள். முழுப் பைத்தியக்கார வேலை. ஆனால் பொல்லெடுத்துச் சண்டைக்குப் போகிற பொடியன்கள்கூட, ஆள் மாறி ஆள், மற்றவன் சொல்லி முடிக்கும்வரை வாயைப் பொத்திக்கொண்டு நிற்கப் பழகிவிட்டார்கள்.

சூசை மட்டும் மரத்தடிக்கு வரவில்லை. கொட்டில் வாசலில் இருந்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பான். நாங்கள் சிரிக்கிற சத்தம் ஓய்ந்தால், கத்தி கல்லில் உரசுகிற சத்தம் கேட்கும். வலையைக் கொட்டில் மூலையில் போட்டிருந்தான். தனி ஆளாக வீசுகிற வலை இல்லை அது. வேறு ஆளோடு போய் வீசவும் அவனுக்கு மனம் வரவில்லை.

மாரி முடிகிற நேரம். ஒருநாள் மத்தியானம் கிணற்றடியில் பேதுரு தண்ணி அள்ளிக்கொண்டிருந்தான். சூசையின் வாளி வழியில் இருந்தது. பேதுரு அதை எடுத்து ஒரு பக்கம் வைத்தான். அவ்வளவுதான்.

“என்ர வாளியை எடுத்து வைக்க உனக்கு நேரமிருக்கு. அண்டைக்கு நிக்கத்தான் நேரமில்லை என்ன?” என்றான் சூசை.

“தொண்டை கிழியக் கூப்பிட்டனான் சூசை.”

“கூப்பிட்டவர்! கூப்பிட்டிட்டுப் போனவர்!”

சூசை கொட்டிலுக்குள் போய்க் கத்தியோடு வந்தான். பெண்கள் கத்தினார்கள். ஆம்பிளைகள் நின்ற இடத்திலேயே நின்றார்கள். நான் ஓடிப்போய் அவனுடைய சேட்டைப் பிடித்தேன். சேட்டுக் கிழிந்து என் கையோடு வந்ததே தவிர, அவன் நிற்கவில்லை. பேதுரு ஓடவுமில்லை. கப்பிக் கயிற்றைப் பிடித்தபடி நின்றான்.

அப்போதுதான் காயத்தார் வந்தார். சத்தம் கேட்டு, கீறிக்கொண்டிருந்ததைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிவந்திருக்கிறார். ஒரு பக்கம் மட்டும் மீசை. வேறு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்போம்.

அவர் சூசையைப் பிடிக்கவில்லை. கிணற்றடி வாளியைக் கவிழ்த்து, அதன்மேல் இருந்தார்.

“எங்க வெட்டப் போறாய்?”

“தள்ளுங்கோ அண்ணை.”

“நான் எங்க மறிச்சனான்? எங்க எண்டு சொல்லிப்போட்டு வெட்டு. சொல்லாமல் வெட்டுறது என்ன சண்டை?”

“கையை” என்றான் சூசை. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். “தோணியைத் தள்ளின அந்தக் கையை.”

காயத்தார் வாளியில் ஓங்கித் தட்டினார். “சரி. வெட்டுச் சொல்லியாச்சு. பேதுரு, காயத்தைச் சொல்லு.”

நான் கர்த்தரின் பேரால் சொல்கிறேன், சூசை நின்றான். கத்தி மேலே, ஆள் அப்படியே. மற்றவனின் முறை நடக்கும்போது அசையக்கூடாது என்று மாரி முழுவதும் கேட்டுக் கேட்டு அவனுடைய காலுக்கே அது பழகிப் போயிருந்தது. வேறு எந்த ஊரிலும், கத்தி ஓங்கின மனிதன் இதற்காக நின்றிருக்க மாட்டான்.

பேதுரு விலகினேன் என்று சொல்வான், அதோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அவன் தன் வலக்கையைப் பார்த்தான். தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“பட்டது” என்றான்.

“எங்க?”

“மணிக்கட்டில.”

“ஆழமோ?”

“ஆழம் அண்ணை. எலும்புமட்டும். கை போச்சு.”

“அந்தக் கையால இனி என்ன ஏலாது? ஒண்டும் விடாமல் சொல்லு.”

“தோணி வலிக்கச் சவள் பிடிக்க ஏலாது. பிள்ளையைத் தூக்க ஏலாது. சிலுவை போட ஏலாது.” கையைத் திருப்பிப் பார்த்தான். “சூசையின்ர வலையில மற்றத் தலைப்பைப் பிடிக்க ஏலாது.”

“இப்ப உன்ர முறை” என்றார் காயத்தார். “இடக்கை இருக்கு. வெட்டு.”

“நான் வெட்டேல்லை.”

“முறையை விட ஏலாது!”

“அப்ப அவனே வெட்டட்டும். மற்றக் கையும் கிடக்கு.”

காயத்தார் சூசையின் பக்கம் திரும்பினார். “சூசை, சொல்லு. எங்க வெட்டுறாய்?”

சூசையின் சொண்டு அசைந்தது. பேதுருவின் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். கை முழுசாக இருந்தது. ஆனால் அவனுக்கு அது அப்படித் தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

“என்னால சொல்ல ஏலாது அண்ணை.”

“ஓங்க ஏலுது, சொல்ல ஏலாதோ?”

“ஏலாது.”

கத்தியைக் கீழே போட்டுவிட்டு ஈர மண்ணிலேயே குந்தினான். நான் கத்தியை எடுத்துச் சேலைக் கொய்யகத்துக்குள் சொருகிக்கொண்டேன்.

“ஏன்ரா நிக்கேல்லை?” என்று கேட்டான் சூசை. இவ்வளவு காலமும் அதை அவன் கேள்வியாகக் கேட்கவே இல்லை.

“பயந்திட்டன்” என்றான் பேதுரு. “வேறை ஒண்டுமில்லை. பயந்திட்டன்.”

சூசை மண்ணைப் பார்த்தபடி இருந்தான். “காட்டுக்குள்ள நானும் பயந்தனான்” என்றான்.

நாங்கள் எல்லோரும் மூக்கைச் சிந்திக்கொண்டு நிற்க, ஒரு மனிதருக்கு மட்டும் கோபம். காயத்தார் வாளியைக் காலால் உதைத்தார். “இதென்ன சண்டை? ஒரு வெட்டு, ஒரு காயம், முடிஞ்சுது! ஆர் வெண்டது, ஆர் தோத்தது எண்டு நான் என்னெண்டு தீர்ப்புச் சொல்லுறது? ஒரு சண்டையை ஒழுங்காப் பிடிக்கத் தெரியாத சனம்!” அரை மீசையோடு விறுவிறென்று போய்விட்டார். அன்று பின்னேரம் மரத்தடிக்கும் வரவில்லை.

அந்தக் கிழமை சூசையும் பேதுருவும் வலையைக் குளத்துக்குக் கொண்டுபோனார்கள். ஒருவரோடு ஒருவர் அவ்வளவு கதைக்கவில்லை. ஆளுக்கொரு தலைப்பு, அவ்வளவுதான். கடல்மீன் தின்ற எங்களுக்குக் குளத்து மீன் சேற்று மணம். இருந்தாலும் ஒரு பெரிய விராலைப் புளிவிட்டுக் காய்ச்சி, காயத்தாரின் கொட்டிலுக்குக் கொண்டுபோனேன்.

“திரேசம்மா, நான் இன்னும் தீர்ப்புச் சொல்லேல்லை” என்றார். கோபம் ஆறவில்லை.

“தெரியும் அண்ணை. சாப்பிட்டிட்டுச் சொல்லுங்கோ.”

“அந்தக் கை ஆறக் கனநாள் எடுக்கும். வலை இழுக்க விட்டது பிழை.”

“பிழைதான்.”

அதற்குப் பிறகு வந்த இடப்பெயர்வில் நாங்கள் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். கிளிநொச்சியில் கண்டதாக ஒருவர் சொன்னார், வவுனியா முகாமில் என்று இன்னொருவர் சொன்னார். இரண்டு பேர் சொன்னதையும் நம்பி, இரண்டு இடத்துக்கும் போய்ப் பார்த்தேன். காணவில்லை.

மீன்தலையை நான் ஒருத்தருக்கும் விட்டுக்கொடுத்தவள் இல்லை. என் புருஷன் இருந்த காலத்தில் அவருக்கே கொடுத்ததில்லை. அன்றைக்கு அந்தக் கொட்டிலில் விராலின் தலையை முழுதாக எடுத்துக் காயத்தாரின் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்து, அவர் அதைச் சூப்பி முடிக்கும்வரை பக்கத்தில் இருந்தேன்.