நேராகப் போகச் சொன்ன அம்பு

கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிறவளுக்கு, கரண்டில் ஓடுகிற எல்லாமே தெரியும் என்று ஊர் நினைத்துக்கொள்ளும். அதில் தப்பில்லை. நானும் அப்படியே நினைத்துக்கொண்டதுதான் தப்பு.

2005. கல்யாணமாகி ஐந்து மாதம். வானூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் எனக்கு டீச்சர் வேலை (மூன்று கம்ப்யூட்டர், இரண்டு மவுஸ்). என் வீட்டுக்காரர் சேகருக்கு ஞாயிற்றுக்கிழமை ஆனால் ரோடு பிடிக்காது. செம்மண் பள்ளம், முந்திரித் தோப்பு, ஏரிக்கரை என்று ரோடு இல்லாத இடமாகப் பார்த்து பைக்கை விடுவார். பின்னால் நான். அந்த ஐந்து மாதத்தில் நான் அவரோடு பேசியதைவிட அவர் முதுகில் முட்டிக்கொண்டதுதான் அதிகம்.

அவருடைய சிநேகிதர் நசீருக்கு ஊர் கோட்டக்குப்பம். துபாயிலிருந்து லீவில் வந்தவர், ஒரு போனும் தீப்பெட்டி அளவில் ஒரு கருப்புப் பெட்டியும் கொண்டுவந்தார். பெட்டி சாட்டிலைட்டோடு பேசுமாம். போன் நமக்கு வழி சொல்லுமாம்.

"உள்ள ரெண்டு சாஃப்ட்வேர் இருக்குது அண்ணி. எது நல்லதுன்னு நீங்கதான் பாத்து சொல்லணும். நான் திரும்பிப் போற வரைக்கும் உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றார். (ஆப் என்ற சொல் அப்போது எங்கள் பக்கம் வந்திருக்கவில்லை.)

எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. மூன்று ஞாயிறு, கையில் நோட்டும் பேனாவுமாக, குலுங்கும் பின்சீட்டில் பரீட்சை நடத்தினேன். முதல் சாஃப்ட்வேரில் மேப் இருந்தது. ஈசிஆர் என்கிற கடற்கரை ரோடு மட்டும் ஒரு கோடு, மற்றதெல்லாம் வெள்ளை. தோப்புக்குள் நுழைந்ததுமே ஒரு வெள்ளைக்காரப் பெண் குரல், திரும்பு திரும்பு என்று ஆங்கிலத்தில் கெஞ்ச ஆரம்பித்துவிடும்.

"இந்தம்மா ஏன் எப்பவும் திரும்பச் சொல்லுது?" என்றார் சேகர்.

"அதுக்கு தைரியம் பத்தலைங்க" என்றேன்.

இரண்டாவதில் மேப்பும் இல்லை, குரலும் இல்லை. போக வேண்டிய இடத்தைப் பதிந்துவைத்தால் ஓர் அம்பு அந்தப் பக்கம் காட்டும், கீழே தூரம் ஓடும். அவ்வளவுதான். அது எனக்குப் பிடித்துப்போயிற்று. நோட்டில் அதற்கு நூற்றுக்குத் தொண்ணூறு போட்டேன்.

நான்காவது ஞாயிறு நாத்தனார் மல்லிகாவின் குழந்தைக்குக் காதுகுத்து. மரக்காணம் உப்பளத்துக்கு அந்தப் பக்கம் அவள் ஊர். தாய்மாமன் மடியில் உட்கார்த்திதான் குத்த வேண்டும். அந்த மாமன் சேகர். கம்மல் என் கைப்பையில். பத்தரைக்குள் நல்ல நேரம். மாமியார் முதல் நாளே போய்விட்டார். முந்தின வாரம் அங்கே போயிருந்தபோதே மல்லிகா வீட்டு வாசலை நான் போனில் பதிந்துவைத்திருந்தேன்.

உப்பளம் தெரிந்ததும் அம்பு இடது பக்கம் திரும்பியது.

"குறுக்கால மூணு கிலோமீட்டர்தாங்க. ரோட்டுல சுத்துனா பதினொன்னு."

"ரோட்டுலயே போயிடலாமே ஜோதி."

"மூணு வாரமா டெஸ்ட் பண்ணியிருக்கேன்" என்றேன். என்ன கர்வம்!

அவர் வண்டியை வரப்பில் இறக்கினார். இரண்டு பக்கமும் பாத்திகளில் வானம் கிடந்தது. பட்டுப்புடவையில், கையில் போனோடு, ஏதோ கப்பலை நடத்திப்போகிற மாதிரி உட்கார்ந்திருந்தேன். போகப்போக வரப்பு ஒடுங்கி, கடைசியில் இல்லாமலே போனது.

"இப்ப என்ன சொல்லுது?"

"நேரா. எண்ணூறு மீட்டர்."

எதிரே சிமெண்டுத் தரை மாதிரி ஒரு வெள்ளைத் திடல். அவர் திரும்பி என் முகத்தை ஒரு தடவை பார்த்தார். வண்டியை விட்டார். பத்தடி போனதும் வெள்ளை உடைந்தது, கீழே கருப்புச் சேறு. இன்ஜின் வரைக்கும் வண்டி உட்கார்ந்துவிட்டது. நான் குதித்தேன். கால் வந்தது, செருப்பு வரவில்லை. அவர் வேட்டி முழங்காலுக்குக் கீழே என்ன நிறம் என்று சொல்ல முடியாது.

உப்பு வாரிக்கொண்டிருந்த ஓர் அம்மா பலகையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்.

"ரோடு அந்தாண்ட இருக்குதே, ஏம்மா இதுல வந்தீங்க?"

"இதுதாங்க வழி காட்டுச்சு." போனை நீட்டினேன்.

அவர் அதை மேலும் கீழும் பார்த்தார். "இது என்னிக்காவது இங்க நடந்திருக்குதா?"

கையில் இருந்த போனே அப்போது அடித்தது. எங்கள் சிம்மைத்தான் அதில் போட்டிருந்தோம். மல்லிகா. "அண்ணி, எங்க இருக்கீங்க? கொழந்த கத்துது, ஆசாரி கெளம்பறேன்றாரு!"

வண்டியை அங்கேயே விட்டுவிட்டு அந்த அம்மா பின்னால் வெறுங்காலோடு நடந்தோம். அவர் போட்ட வளைவுக்கெல்லாம் அம்பு சுற்றிச் சுற்றித் தவித்தது.

பந்தலுக்குள் நுழைந்தபோது மணி பதினொன்றேகால். மொத்தச் சொந்தமும் எங்கள் காலையே பார்த்தது. அந்த நேரம் பார்த்து போன், 'வந்து சேர்ந்தாச்சு' என்பதற்கு அடையாளமாகக் கோயில் மணி மாதிரி ஒலித்தது.

"என்னடா கோலம் இது?" என்றார் மாமியார்.

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் சேகர், "நான்தாம்மா குறுக்கால உட்டேன். ஜோதி வேணாம்னுதான் சொன்னா" என்றார்.

வாயை மூடிக்கொண்டேன். (எனக்கு வெட்கமே இல்லை.)

நல்ல நேரம் முடிந்திருந்தது. ஆனாலும் ஆசாரி இரக்கப்பட்டார். கத்திக்கொண்டிருந்த குழந்தை, மடியில் உட்கார்ந்ததும் மாமன் விரலைப் பிடித்து வாயில் வைத்தது. விரல் முழுக்க உப்பு. சப்புக்கொட்டிக்கொண்டு அது கவனிக்காமல் இருந்தபோதே முதல் காது முடிந்துவிட்டது.

அந்தக் குழந்தை இப்போது வேலைக்குப் போகிறாள். வீட்டில் எந்த விசேஷம் வந்தாலும், "மாமா, ரோடு வழியா வாங்க" என்றுதான் போனில் கூப்பிடுவாள். அவளைப் பெண் பார்க்க வந்தவர்களிடம்கூட அந்தக் கதையைச் சொல்லி முடித்துவிட்டுத்தான் மல்லிகா காபி கொடுத்தாள். சேகர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தாங்கவில்லை. அன்று சமையற்கட்டில் மாமியாரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

அவர் அசரவே இல்லை. "மல்லிகாவ கட்டிக்குடுத்தது அவன் அத்த வீட்டுலதான? லீவு உட்டா அந்த உப்பளத்துலதான் கெடப்பான். எந்த எடம் உள்வாங்கும்னு அவனுக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன் அத்த..."

"நீ நேரான்னு சொல்லியிருப்ப" என்றார் வெங்காயத்தை நறுக்கிக்கொண்டே. "வெளிய சொல்லிடாத. எல்லாரும் சிரிக்கறாங்க, சிரிக்கட்டும்."