இடது ஸ்பீக்கரில் ஓர் இரைச்சல்

ஆறரைக்கு எழுந்தான். பல் தேய்த்தான். டீக்கு இரண்டு கோப்பை எடுத்து, ஒன்றைத் திரும்ப வைத்தான். வெளியே வெயில் அடித்தது. குடையை எடுத்து வாசல் பக்கம் வைத்தான். ஏழு மணிக்குச் சமையல் அம்மா வந்தார். ஏழேகாலுக்கு வயலின் இசைத்தட்டைப் போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தான். இடது ஸ்பீக்கர் இரைந்தது.

எட்டு மாதமாக இதே வழக்கம்தான். இரைச்சல் மட்டும் புதிது.

பெரிய சத்தம் ஒன்றுமில்லை. தீப்பெட்டிக்குள் வண்டு மாட்டிக்கொண்டதுபோல. மனைவி இருந்தவரை இதெல்லாம் ஒரு பிரச்சினையே இல்லை. ஒயரை மாற்றிவிட்டு, "இப்ப எப்படி இருக்கு?" என்று ஹாலிலிருந்து கத்துவான். சமையலறையிலிருந்து பதில் வரும்: "முன்னைவிட நல்லா இருக்கு!" அவனுக்கே சந்தேகமாக இருக்கும் நாட்களில்கூட அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். ஆறு வருடத்தில் பதினொரு ஒயர்கள். தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தான். "காதுன்னா அவ காது" என்று அலுவலகத்தில் சொல்லாத ஆள் பாக்கியில்லை.

அந்த மியூசிக் செட் முழுக்க அவள் காதால் தேர்ந்தெடுத்தது. அவள் போன பிறகு அவன் ஓர் ஒயரைக்கூடத் தொடவில்லை. அவளுடையதாக வீட்டில் இன்னும் சரியாக இயங்கிக்கொண்டிருந்தது அது ஒன்றுதான். அதையும் கெட்டுப்போக விட முடியாது.

பன்னிரண்டாவது ஒயரை வாங்கிவந்து மாட்டினான். இரைச்சல் வலது பக்கமும் பரவியதுபோல் இருந்தது. பழக்கத்தில் கத்திவிட்டான்.

"இப்ப எப்படி இருக்கு?"

கத்திய பிறகுதான் உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"முன்னைவிட நல்லா இருக்கு, தம்பி!" என்றார் சமையல் அம்மா உள்ளேயிருந்து. மனைவி ஆஸ்பத்திரியில் படுத்ததிலிருந்து வீட்டுக்கு வருகிறவர்.

எழுந்து போய்ப் பார்த்தான். மனைவி வழக்கமாக நிற்கும் அதே இடத்தில், அடுப்பு முன்னால் நின்று வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். அவன் அளவு நாடாவை எடுத்துவந்தான். இடது ஸ்பீக்கரிலிருந்து பதினான்கு அடி. வலதிலிருந்தும் பதினான்கு அடி.

"என்ன தம்பி, என்னை எதுக்கு அளக்கறீங்க?"

"அசையாதீங்கம்மா."

விஷயம் புரிந்துவிட்டது. இந்த வீட்டில் ஒலி ஒழுங்காக வந்துசேரும் இடம் நாற்காலி இல்லை, அடுப்பு. அவரை நகரச் சொல்லிவிட்டு அங்கே தானும் நின்று கேட்டான். இரைச்சல் கேட்டது. அப்படியென்றால் தன் காதில்தான் கோளாறு என்று முடிவு செய்தான்.

எல்லாவற்றுக்கும் மூலம் அதிர்வு என்று எங்கோ படித்தான். இரண்டு ரப்பர் பந்துகளைப் பாதியாக அறுத்து ஆம்ப்ளிஃபயருக்கு அடியில் கொடுத்தான். வால்யூம் குமிழைத் திருப்பினால் பெட்டியும் கூடவே திரும்பியது.

"முன்னைவிட நல்லா இருக்கு, தம்பி!"

அடுத்து, இசைத்தட்டுப் பெட்டிக்கு அடியில் வைக்க ஒரு கருங்கல் பலகை. இரண்டு பேர் மூச்சு வாங்கத் தூக்கிவந்தார்கள். அலமாரிக்குத் தொப்பை விழுந்தது. தட்டு சாய்ந்தது. ஊசி சறுக்கிக்கொண்டு ஓட, வயலின்காரர் ஆரம்பித்த கையோடு முடித்துவிட்டார்.

"முன்னைவிட நல்லா இருக்கு, தம்பி. சுருக்கமாவும் இருக்கு."

நோட்டில் எழுதிக்கொண்டான்.

பிறகு ஸ்பீக்கர்களுக்குக் கூர்முனைக் கால்கள். அதிர்வைத் தரைக்குள் இறக்கிவிடும் என்று கடைக்காரர் சொன்னார். இறக்கியது. மறுநாள் கீழ்வீட்டு டைலர் கழுத்தில் நாடாவோடு மேலே வந்தார்.

"சார், உங்க வயலின் என் மெஷினுக்குள்ள வருது."

"எப்படி இருக்கு?"

"எப்படி இருக்கா? தையல் நடனமாடுது! சட்டையில இடது கை ஒரு பக்கம், வலது கை ஒரு பக்கம்னு போச்சு."

"எங்க வீட்டுல முன்னைவிட நல்லா இருக்கே."

டைலர் அவனை ஒரு நிமிடம் பார்த்தார். இந்த மனிதனுக்கு என்ன நடந்தது என்று தெருவுக்கே தெரியும். "சரி சார், பாத்துப் பண்ணுங்க" என்று இறங்கிப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் கழற்றினான். கல், பந்து, கூர்முனை, பன்னிரண்டாவது ஒயர், எல்லாம் வெளியே வந்தன. பழைய ஒயரை மாட்டிவிட்டு, பின்னால் தவழ்ந்துபோய் பிளக் பலகையைப் பார்த்தான். ஆம்ப்ளிஃபயர் பிளக்கை ஒட்டி யாருடையதோ ஒரு மலிவான போன் சார்ஜர். அதன் சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தொட்டுப் பார்த்தான். வண்டு அதற்குள்தான் இருந்தது.

சார்ஜரைப் பிடுங்கினான். துடைப்பதற்காக ஆம்ப்ளிஃபயர் பிளக்கையும் பிடுங்கினான்.

"அம்மா, இங்க வந்து இதைக் கொஞ்சம்..."

"முன்னைவிட எவ்வளவோ நல்லா இருக்கு, தம்பி! இரைச்சல் சுத்தமாப் போச்சு!"

அவன் கையிலிருந்த பிளக்கைப் பார்த்தான்.

அதைப் பிடித்தபடியே சமையலறைக்குப் போனான். ஒயர் பின்னால் இழுபட்டு வந்தது. சமையல் அம்மா பிளக்கைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், அடுப்பை அணைத்தார்.

"சார்ஜர் என்னோடதுதான், தம்பி. பொண்ணு புதுசா போன் வாங்கிக் குடுத்தா."

"அதை விடுங்க. செட்டு ஓடவே இல்லையேம்மா. எதைக் கேட்டு நல்லா இருக்குன்னீங்க?"

"எனக்கென்ன தம்பி தெரியும்? பாப்பா சொல்லச் சொல்லிச்சு, சொன்னேன்." அவன் மனைவியை அவர் அப்படித்தான் கூப்பிடுவார்.

"அவளா? எப்ப?"

"ஆஸ்பத்திரியில. நான் சாப்பாடு கொண்டுவந்திருந்தேன். நீங்க மருந்து வாங்கக் கீழ போனீங்கல்ல, அப்ப. நீங்க திரும்பி வர்றதுக்குள்ள வாயில குழாய வெச்சுட்டாங்க."

அவன் மருந்துச் சீட்டோடு கிளம்பியபோது, "குடை எடுத்துக்கோங்க" என்றாள். அதுதான் அவள் கடைசியாகப் பேசியது என்று எட்டு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தான்.

"என்ன சொன்னா?"

சமையல் அம்மா கைத்துணியில் கையை நிதானமாகத் துடைத்தார்.

"'என்னிக்காவது ஒரு நாள் ஒயரை மாத்திட்டு, எப்படி இருக்குன்னு ஹால்லேருந்து கத்துவாரும்மா. முன்னைவிட நல்லா இருக்குன்னு மட்டும் சொல்லிடுங்க. பயப்படாதீங்க, எனக்கும் ஒரு தடவைகூட ஒரு வித்தியாசமும் தெரிஞ்சதில்ல.'"