தங்கும் எண்ணம் அறியும் குழு

மனித நெஞ்சுக்குள் ஓடும் எண்ணத்தை அளந்து மதிப்பெண் போடும் அருங்கலையை உலகுக்கு வழங்கிய பெருமை, கனடாவின் வடக்கு ஒண்டாரியோவில், உறைந்த ஏரி ஒன்றின் வளைவில் ஒட்டிக்கொண்டிருக்கும் மூஸ் எல்போ நகரத்தையே சாரும். மருத்துவர்கள் ரத்த அழுத்தத்தை அளப்பார்கள். வங்கிகள் நாணயத்தை அளக்கும். மூஸ் எல்போவோ, ஒருவன் அந்த மண்ணில் "நிலையாகத் தங்கும் எண்ணம்" எவ்வளவு வைத்திருக்கிறான் என்பதை அவன் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடும்.

ஊரில் பிறந்த பிள்ளைகள் பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு டொராண்டோவுக்குப் பேருந்து ஏறிவிடுகிறார்கள். ஆகவே ஊரில் பிறக்காதவர்களையாவது பிடித்து வைப்போம் என்ற உயர்ந்த நோக்கத்துடன் அரசாங்கம் வட்டாரக் குடியேற்றத் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. தற்காலிக அனுமதியில் வேலை பார்ப்பவன் நிரந்தர வசிப்புரிமை பெறலாம். அதற்கு ஊரின் பரிந்துரை வேண்டும். ஊரின் பரிந்துரைக்குக் குழுவின் மனம் கனிய வேண்டும். "தங்கும் எண்ணம் அறியும் குழு" பிறந்த வரலாறு இதுதான்.

குழுவில் மூன்று மாமணிகள். தலைவர் வெண்டா ப்ரிட்சார்ட், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. ஒரு தலைமுறை மாணவர்களை ஊரை விட்டு ஓடவைத்த அனுபவம் உள்ளவர் என்பதால், ஓடுபவர்களைக் கண்டுபிடிக்க அவரைவிடப் பொருத்தமானவர் இல்லை. இரண்டாமவர் ஆர்வோ கல்லியோ, இரும்புச் சாமான் கடைக்காரர், ஃபின்லாந்து வம்சம். மூன்றாமவர் க்ளென் டெவ்லின், ஊரின் ஒரே உணவு விடுதிக்கு முதலாளி.

அந்த விடுதியின் சமையல்காரன் ரோமெல் தும்லாவ், பிலிப்பைன்ஸ் நாட்டு இலோகோஸ் பக்கத்தவன். அன்றைய நேர்காணல் அவனுக்குத்தான். பனி உருகும்போது அவனுடைய வேலை அனுமதியும் சேர்ந்து உருகிவிடும். பரிந்துரை கிடைத்தால் மனைவியும் மகளும் இங்கே வருவார்கள். கிடைக்காவிட்டால் அவன் அங்கே போவான். குடும்பம் ஒன்றுசேர்வது என்னவோ இரண்டிலும் நடக்கும். ஆனால் இரண்டாவது வழியில் சம்பளம் வராது.

காலையில் மனைவி லுவால்ஹாதி கைப்பேசியில் முகம் காட்டினாள்.

"ஏன்யா, அந்தக் கோட்டைப் போட்டுட்டா போகப் போறே? கரடி மாதிரி இருக்கே."

"இங்க கரடியே தூங்குது, லுவா. வெளியில அவ்வளவு குளிர்."

"சரி, கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லு. வாயை நீட்டாதே. சட்டத்துக்கு வெளிய ஒரு அடி வச்சுடாதே, ராசா. ஏதாவது தப்பாச்சுன்னா அதையே காரணமாச் சொல்லி அனுப்பிடுவாங்க."

"நான் என்ன தப்பு பண்ணப் போறேன்?"

"உனக்கு எதுதான் தெரிஞ்சு நடந்திருக்கு? என்னைக் கல்யாணம் பண்ணதே தெரியாமதானே பண்ணே!"

மகள் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "அப்பா, அங்க பனி வழவழன்னு இருக்குமா, சொரசொரன்னு இருக்குமா?" என்று கேட்டாள். வந்து தொட்டுப் பார்த்துக்கொள்ளச் சொன்னான்.

பிற்பகலில் நகராட்சி மன்றத்தின் வாசலில் இடுப்பளவு பனி குவிந்திருந்தது. ரோமெல் மண்வாரியால் அதை அள்ளி ஒதுக்கி, கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு, வெப்பக் கருவியைத் தட்டி எழுப்பி, தன்னைத் தானே உள்ளே அழைத்துக்கொண்டான். நகராட்சிக் குமாஸ்தா மெக்ஸிகோவில் இருந்தார். போகும்போது மன்றத்தின் பொறுப்பை அவனிடம்தான் விட்டுப் போனார்.

சுவரிலிருந்த பெரிய திரையில் குழு தோன்றியது. மூன்று கட்டங்களில் மூன்று முகங்கள். மூன்றின் பின்னாலும் தென்னை மரம்.

இதில் தவறாக நினைக்க ஒன்றுமில்லை. மூஸ் எல்போவை நேசிப்பவர்கள் குளிர்காலம் முழுவதும் ஃப்ளோரிடாவிலிருந்துதான் அதை நேசிப்பார்கள். அருகில் இருந்து நேசித்தால் மூக்கு உறைந்துவிடும். மூவரும் அங்கே ஒரே குடியிருப்பில் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள். ஆனால் நேர்காணலின் கண்ணியம் கருதி அவரவர் வீட்டு முற்றத்தில் தனித்தனியாக உட்கார்ந்திருந்தார்கள்.

"வணக்கம், ரோமெல்," என்றார் வெண்டா. கையில் எலுமிச்சைப் பானம், அதில் பனிக்கட்டி. அன்று அந்தக் குழுவுக்கும் பனிக்கும் இருந்த தொடர்பு அவ்வளவுதான். "பயப்படாம பேசு. முதல் கேள்வி. நம்ம ஊர்க் குளிர உன்னால தாங்க முடியுமா?"

"முடியும், மேம்."

"மேம் வேண்டாம்பா, வெண்டான்னு கூப்பிடு. எல்லாரும் முடியும்னுதான் சொல்றாங்க. அப்புறம் ஓடிப்போயிடறாங்க." அவர் விசிறியை முகத்துக்கு நேராகத் திருப்பிக்கொண்டார். "யப்பா, என்ன வெக்கை! ஆர்வோ, அந்தக் களிம்பைக் கொடு."

ஆர்வோவின் கட்டத்திலிருந்து ஒரு கை வெளியே போய், வெண்டாவின் கட்டத்துக்குள் வெயில் களிம்புக் குப்பியுடன் நுழைந்தது. நவீன நிர்வாகத்தின் ஒருங்கிணைப்பைக் கண்டு ரோமெல் வியந்தான்.

ஆர்வோ தொண்டையைச் செருமினார். "நம்ம ஊரோட பழக்க வழக்கம் எதையாவது கத்துக்கிட்டியாப்பா?"

"சனிக்கிழமை தவறாம சானா நீராவி அறையில வேர்க்க உட்கார்ந்துட்டு, ஏரியில பனியை வெட்டின துளைக்குள்ள முங்குவேன், சார்."

"யாரு சானாவுல?"

"உங்க சானாவுலதான். மரம் பூஞ்சை பிடிக்கக் கூடாது, வாரா வாரம் சூடு பண்ணுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஆமால்ல." ஆர்வோவின் குரல் இளகியது. "தண்ணி எப்படி இருக்கு?"

"முங்கினா உயிர் போயிட்டு வரும், சார். நீங்க முங்க மாட்டீங்களா?"

"எனக்கு முட்டி வலி. இருபது வருஷமாச்சு. நம்ம பண்பாடுப்பா அது. யாராவது காப்பாத்தணும்."

"அவன் முங்கறான்னு குறிச்சுக்கோங்க," என்றார் வெண்டா. "ஆனா உறவு? ஊரோட ஒட்டு உறவு என்ன இருக்கு? அதுதான் முக்கியம். ரோமெல், சாயங்காலத்துல எங்க போவே, யாரைப் பார்ப்பே?"

கேட்ட கேள்விக்கு மட்டும் ரோமெல் பதில் சொன்னான். "முதல்ல உங்க வீட்டுக்குப் போவேன், மேம். அப்புறம் ஆர்வோ சார் வீடு. அப்புறம் க்ளென் சார் வீடு."

இது வாசகர்களுக்குப் புரிய வேண்டும். அந்தக் குளிரில் ஆளில்லாத வீட்டின் வெப்பக் கருவி நின்றால், தண்ணீர்க் குழாய் உறைந்து வெடித்து, கூடத்திலேயே ஒரு ஏரி உருவாகிவிடும். அதனால் யாராவது ஒருவர் அடிக்கடி உள்ளே போய்ப் பார்த்தால்தான் காப்பீடு செல்லும் என்பது காப்பீட்டுக்காரர்கள் போட்ட நிபந்தனை. குழுவினர் மூவரின் வீட்டிலும் அந்த "யாராவது ஒருவர்" ரோமெல்தான். கூலி கிடையாது. நண்பனுக்குக் கூலி கொடுத்து அவமானப்படுத்தும் வழக்கம் அங்கே இல்லை. கோடையில் திரும்பும்போது ஆளுக்கொரு காந்த பொம்மை, குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிக்கொள்ள, கொண்டுவந்து கொடுப்பார்கள்.

"அதெல்லாம் சரி," என்றார் வெண்டா கடுமையாக. "போன குளிர்காலத்துல நீ ஊரை விட்டுப் போனேல்ல?"

"டொராண்டோவுல சித்தி பொண்ணு கல்யாணம், மேம். சனி ஞாயிறு மட்டும்தான்."

"என் பெரணிச் செடி வாடிப்போச்சு. தங்கும் எண்ணம் இருக்கிறவன் அப்படிச் செடியை விட்டுட்டுப் போவானா? நீயே சொல்லு."

ஐந்து மாதம் ஊரில் இல்லாதவர் இரண்டு நாள் ஊரில் இல்லாதவனைக் கேட்ட கேள்வி இது. அதிகாரத்தின் இயல்பு அது.

"குழு தனியாக் கலந்து பேசணும்," என்று அறிவித்தார் வெண்டா. இதற்கென்று ஒரு பொத்தான் உண்டு. தங்கள் ஒலியை நிறுத்துவதற்குப் பதிலாக அவர் ரோமெலின் ஒலியை நிறுத்தினார். அவன் வாயை மூடிவிட்டு, காதை மூடிவிட்டதாகக் குழு மனப்பூர்வமாக நம்பியது.

"நல்ல பையன்," என்றார் ஆர்வோ. "முங்கறான்."

"நல்லவன்தான்யா, யாரு இல்லேன்னா?" என்றார் க்ளென். அதுவரை பேசாமல் இறால் தின்றுகொண்டிருந்தவர் அவர். "ஆனா கொஞ்சம் யோசிங்க. இப்ப அவன் அனுமதி என் விடுதியோட பேர்ல இருக்கு. வேற எங்கயும் போக முடியாது. நிரந்தரம் கிடைச்சா எங்க வேணா போகலாம். நாளைக்கே டொராண்டோவுக்குப் போயிட்டான்னா? என் அடுப்படி என்னாகிறது? உங்க குழாய் என்னாகிறது?"

"ஐயோ, என் பெரணி!" என்றார் வெண்டா.

"அதான் சொல்றேன். தற்காலிகமா இருக்கிற வரைக்கும்தான் அவன் நிரந்தரமா இருப்பான். பேசாம இன்னொரு தற்காலிக அனுமதிக்கு நான் எழுதிப் போட்டுடறேன்."

"அது வருமா?" என்றார் ஆர்வோ.

"வந்தா நமக்கு நல்லது. வரலேன்னா அரசாங்கத்தைத் திட்டுவோம்."

இவ்வளவு ஆழமான தத்துவம் இறால் தின்றுகொண்டே சொல்லப்பட்டது. வெண்டா ரோமெலின் வாயைத் திறந்துவிட்டார்.

"ரோமெல், எங்களுக்கே மனசு கஷ்டமா இருக்கு. உனக்கு ஊரோட ஒட்டு உறவு போதலைன்னு குழு கருதுது. விண்ணப்பம் தள்ளிவைக்கப்படுது. அடுத்த தடவை பார்க்கலாம்."

அடுத்த தடவை என்று ஒன்று தனக்கு இல்லை என்பது ரோமெலுக்குத் தெரியும். அவன் திரையைப் பார்த்தான். தென்னை ஓலை காற்றில் ஆடியது. "சட்டத்துக்கு வெளிய ஒரு அடி வச்சுடாதே" என்ற லுவால்ஹாதியின் குரல் காதுக்குள் கேட்டது. திடீரென்று அவனுக்கு உண்மையிலேயே பயம் வந்துவிட்டது.

"மேம், ஒரு சந்தேகம். எனக்கு உங்களோட ஒட்டு உறவு இல்லையா?"

"போதலைப்பா."

"அப்ப நான் தப்புப் பண்ணிட்டு இருக்கேன், மேம்."

"என்ன தப்பு?"

"ஒட்டு உறவு இருந்தா, உங்க வீட்டைப் பார்த்துக்கிறது நட்பு. இல்லேன்னா அது வேலை. க்ளென் சார் விடுதி அடுப்படியைத் தவிர வேற எங்கயும் வேலை பார்க்க எனக்கு அனுமதி கிடையாது. க்ளென் சார் வீட்டுல கூடக் கிடையாது. சட்ட விரோதம், மேம். தெரியாமச் செஞ்சுட்டேன். இன்னியிலேர்ந்து நிறுத்திடறேன்."

தென்னை ஓலை ஆடுவது நின்றது. குறைந்தபட்சம் ரோமெலுக்கு அப்படித் தோன்றியது.

"இன்னிக்கு ராத்திரி அங்க எவ்வளவு குளிரும்னு சொன்னாங்க?" என்றார் ஆர்வோ மெதுவாக.

"மைனஸ் முப்பத்தெட்டு, சார்."

"டேய் தம்பி, என்னடா பேசறே நீ!" க்ளென் இறாலைக் கீழே வைத்தார். "நமக்குள்ள என்னடா சட்டம்? நீ என் கூடப் பிறந்தவன் மாதிரிடா!"

"அது குழு முடிவுல இல்லையே, சார்."

"எழுதிக்கலாம்டா! இப்பவே எழுதிக்கலாம்!"

"ரோமெல் கண்ணு," என்றார் வெண்டா. தலைமையாசிரியைப் பணியில் முப்பது ஆண்டுகளில் அவர் யாரையும் கண்ணு என்று அழைத்ததாகப் பதிவில்லை. "குழு மறுபடியும் கலந்து பேசட்டுமா?"

"பேசுங்க, மேம்."

இம்முறை எந்தப் பொத்தானையும் அழுத்த அவர்களுக்கு நேரமில்லை. "எனக்குச் சம்மதம்," "எனக்கும்," "எனக்கு எப்பவோ சம்மதம்" என்று மூன்று குரல்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. அரை நிமிடத்துக்கு முன்பு போதாமல் இருந்த ஒட்டு உறவு, வெப்பமானியில் பாதரசம் இறங்க இறங்க, நூற்றுக்கு நூறாக ஏறிப்போனது. சனிக்கிழமை முங்குவதற்கு ஆர்வோ தனியாகச் சிறப்பு மதிப்பெண் கொடுத்தார். வாடிய பெரணி "இயற்கைச் சீற்றம்" என்று வகைப்படுத்தப்பட்டது.

ஒரே ஒரு சம்பிரதாயம் பாக்கியிருந்தது. நேர்காணல் முடிந்ததும் பரிந்துரைத் தாளில் ஊர் சார்பாக ஒருவர், மன்றத்தில் நேரில் இருந்து கையெழுத்திட வேண்டும் என்பது நகராட்சி விதி. குழு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. குமாஸ்தாவை நினைத்துப் பார்த்தது. மேயரை நினைத்துப் பார்த்தது. அவர் கப்பலில் எங்கோ போய்க்கொண்டிருந்தார்.

"அங்க இப்ப யாருப்பா இருக்கா?" என்றார் வெண்டா.

ரோமெல் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டான். "நான் இருக்கேன், மேம்."

"அப்ப நீயே போட்டுடு."

ரோமெல் தாளை எடுத்துப் படித்தான். "இவ்வூரில் நிலையாக வாழ்ந்துவரும் நான், விண்ணப்பதாரரை நன்கறிவேன் என்றும், அவரும் இவ்வூரில் நிலையாக வாழ்வார் என்றும் மனசாட்சிப்படி உறுதியளிக்கிறேன்." குழு உறுப்பினர்களில் எவராலும் அந்த வாக்கியத்தின் கீழ் மனசாட்சியை நிம்மதியாக உட்காரவைத்துவிட முடியாது. பேனா மை உறைந்திருந்ததால் ரோமெல் அதை வாய்ச் சூட்டில் ஊதி இளக்கி, ஊர் சார்பாகக் கையெழுத்திட்டான். தனக்காகவும் ஒன்று போட்டான்.

ஃப்ளோரிடாவில் மூவரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். வெண்டா கண்ணைத் துடைத்துக்கொண்டார். களிம்பு பட்டிருக்க வேண்டும்.

"ரோமெல், எங்க ஊருக்கு உன்னை மனமார வரவேற்கிறோம்!"

"ரொம்ப நன்றி, மேம்," என்றான் ரோமெல். "நேரம் கிடைக்கறப்ப நீங்களும் ஒரு எட்டு வந்துட்டுப் போங்க."