நான் வெள்ளையடித்த சரித்திரம்

நான் கொஞ்சம் சோம்பேறியாகப் பிறந்திருந்தால் இத்தாலியின் பலெர்மோவில் ஒரு சரித்திரச் சின்னம் தப்பியிருக்கும்.

இரண்டாயிரத்துப் பத்துகளில், நகரத்துக்கு வெளியே ஒரு பழைய பண்ணைவீட்டைக் கூட்டித் துடைக்கும் வேலை எனக்கு. கல்லும் முள்ளுமாகக் கிடந்த நிலத்தில் முதன்முதலாகக் குடியேறிய குடும்பம் கட்டிய வீடு; சுற்றியுள்ள எலுமிச்சைத் தோட்டத்தோடு பாதுகாத்து வைத்திருந்தார்கள். ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்திலிருந்து இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேரும்போதே ஒரு நாள் வேலை செய்த களைப்பு வந்துவிடும்.

பண்ணைக்குப் பொறுப்பான அம்மா, சிஞ்ஞோரா, வேலைக் கடிதத்தில் கையெழுத்து வைத்தால்தான் என் பெர்மெஸ்ஸோ, அதாவது வதிவிட அனுமதி, புதுப்பிக்கப்படும். (இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.) "வெள்ளிக்கிழமை ஆட்கள் வருகிறார்கள். சமையலறையைக் கூட்டினால் போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மனைவியிடம் புலம்பினேன். "அடுப்படிச் சுவர் முழுக்கக் கரி. ஆரோ கோடு கோடாக் கிறுக்கியும் வச்சிருக்கு."

"ஆக்கள் வாற இடத்தை அப்பிடியே விடுறதே? பொங்கலுக்கு அடிக்கிற மாதிரி வெள்ளை அடிச்சு விடுங்கோவன். மனுசி சந்தோசத்திலை உடனை கையெழுத்து வைப்பா."

தேய்த்துக் கழுவி இரண்டு பூச்சுச் சுண்ணாம்பு அடித்தேன். இடுப்பு விட்டுப்போனது. தள்ளி நின்று பார்த்து என்னை நானே மெச்சிக்கொண்டேன். (இப்போது நினைத்தாலும் கூசுகிறது.)

வெள்ளி காலை சிஞ்ஞோரா வந்து சுவரைப் பார்த்தார். அடுப்புக் கல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அந்தக் கோடுகள் எங்கே?"

"கழுவிவிட்டேன், சிஞ்ஞோரா."

அது கிறுக்கல் இல்லையாம். முதல் குடியேறி கரித்துண்டால் வரைந்த நிலப்படமாம். எங்கே கிணறு வெட்டினார், எந்தத் துண்டை எப்போது திருத்தினார் எல்லாம் அதில் இருந்ததாம். ஆட்கள் வருவதே அதைப் பார்க்கத்தானாம்.

என் அப்பாவும் வன்னியில் காடு வெட்டிக் கமம் செய்தவர். யுத்தத்துக்குப் பிறகு அந்த நிலத்தைக் காட்ட எங்களிடம் ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லை. அதை சிஞ்ஞோராவிடம் உடைந்த இத்தாலியனில் சொல்லும்போது அழுதுவிட்டேன். கையெழுத்துப் போய்விட்டதே என்ற அழுகையும் அதில் பாதி.

நல்லகாலம், அந்தச் சுவரின் புகைப்படம் ஒன்று இருந்தது. வெள்ளைச் சுவரில் அதை மாட்டினார்கள். திங்கட்கிழமை சிஞ்ஞோரா கையெழுத்து வைத்தார். "இனிமேல் தோட்டத்தை மட்டும் கூட்டு" என்றார்.

நகரத்துக்குள் அல்பெர்கேரியாப் பகுதியில் உள்ள எங்கள் வீட்டுச் சுவரில் மகள் சின்ன வயதில் கிறுக்கியது இன்னும் அப்படியே கிடக்கிறது. வருகிறவர்கள் முகம் சுளித்தால் மனைவி முந்திக்கொள்வாள்:

"இவர் கழுவ விடார். சரித்திரமாம்."