இல்லாத தண்டபாணியைத் தேடியவர்

கோயமுத்தூருக்கு வந்து, வழி கேட்டு, கேட்ட இடத்துக்குப் போய்ச் சேராமலே சந்தோஷமாக ஊர் திரும்பியவர்கள் யாராவது உங்கள் குடும்பத்தில் இருந்தால், அவர்கள் விசாரிப்பு அண்ணனிடம்தான் வழி கேட்டிருக்க வேண்டும்.

பெரிய கடை வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் குக்கர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். ஒரு ஆள் உட்கார்ந்தால் கடை நிறைந்துவிடும். ஆனால் அவர் உட்கார்ந்து பார்த்தவர்கள் குறைவு. ஸ்டூலின் மேல் ஒரு மூடியில்லாத குக்கர் கவிழ்ந்திருந்தால் ஆள் வெளியே போயிருக்கிறார் என்று பொருள். அநேகமாக அது கவிழ்ந்தே இருக்கும். கைப்பிடி உடைந்த குக்கரோடு வரும் பெண்களுக்குப் பக்கத்து டீக்கடை மல்லிகா பதில் சொல்வாள்.

“வருவாருங்க அம்மணி. எப்பன்னு மட்டும் கேக்காதீங்க.”

காரணம் இதுதான். அந்தச் சந்தில் யார் வந்து எந்த இடத்தைக் கேட்டாலும் அவர் வழி சொல்ல மாட்டார். கையில் இருக்கும் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நிற்பார். “வாங்க, விசாரிச்சுக்கலாம்” என்பார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர்களோடு கிளம்பிவிடுவார். அந்தப் பேர் அப்படி வந்ததுதான். கையை நீட்டி ‘அப்படிப் போங்க’ என்று சொல்வது நாயை விரட்டுவது போல இருக்கிறது என்பது அவருடைய கட்சி.

இத்தனைக்கும் அவருக்கு வழி தெரியாது. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். பிறந்து வளர்ந்த பேட்டையிலேயே அவருக்குச் செட்டி வீதிக்கும் வைசியாள் வீதிக்கும் இடையில் தடுமாற்றம் வரும். அவருடைய முறையே வேறு. பூக்காரியை விசாரிப்பார், பாத்திரக்கடைக்காரரை விசாரிப்பார், நகைக்கடைக் காவலாளியை விசாரிப்பார். விசாரிக்கும்போது அவர்கள் வீட்டு நலமும் சேர்ந்தே விசாரிக்கப்படும். கூட வந்தவருக்கு நடுவில் ஒரு டீ, ஒரு கைப்பிடி பொரி, ஒரு நிழல். மேட்டுப்பாளையத்திலிருந்து மொத்தக் கடை தேடி வந்த பாக்கு வியாபாரத் தம்பதி ஒன்று, அன்று மதியம் முன்பின் தெரியாத வீட்டுக் காதுகுத்தில் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனது. அடுத்த கட்டிடம் எது என்று கேட்ட கொரியர்காரரின் வண்டியில் ஏறிக்கொண்டு அன்றைய பார்சல் முழுவதையும் அவரோடு சேர்ந்து கொடுத்து முடித்தார். ஒரு தேர்தலின்போது ஓட்டுக் கேட்டு வந்த வேட்பாளர், தாமஸ் வீதி எந்தப் பக்கம் என்று இவரிடம் கேட்டுவிட்டார். கொட்டு, கொடி, மாலை சகிதம் அந்த ஊர்வலம் எதிர்க்கட்சிக் கூட்டத்துக்குள் போய் நின்றதாகச் சொல்வார்கள். எதிர்க்கட்சிக்காரர்கள் சோடா கொடுத்தார்களாம். இது கோயமுத்தூர் ஆயிற்றே.

நான் பெருந்துறைப் பக்கம் ஒரு கல்லூரியில் பூகோளம் கற்பித்து ஓய்வு பெற்றவன். மனைவி போன பிறகு மகன் என்னை ராஜ வீதிக்குப் பின்னால் இருக்கும் தன் வீட்டுக்கு அழைத்து வந்தான். ஊரே கடைக்கு வந்து மோதும் இடத்தில் குடியிருந்தும் எனக்குப் பேச ஆள் இல்லை. காலையில் மல்லிகா கடையில் ஒரு டீ, சாயங்காலம் ஒரு டீ. நடுவில் செல்போன் வரைபடத்தை வைத்துக்கொண்டு அதில் இருக்கும் பிழைகளைக் கண்டுபிடிப்பேன். அப்படிப்பட்டவன் கண்ணுக்கு எதிரே, வழி தெரியாத ஒரு ஆள் நாள் முழுக்க வழிகாட்டிக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும்? ஒரு நாள் கண் டாக்டர் வீட்டைக் கேட்ட என்னை அவர் பல் டாக்டரிடம் கொண்டுபோய் உட்கார வைத்தார். “வந்ததோட பல்லையும் காட்டிப்போடுங்க சார்” என்றார். காட்டினேன். ஒன்றைப் பிடுங்கினார்கள்.

அந்த எரிச்சலில் மல்லிகாவிடம் சொன்னேன்: “இந்த மனிதர் வாயிலிருந்து ‘தெரியாது’ என்று ஒரு வார்த்தை வரவைத்துக் காட்டுகிறேன் பார்.”

“என் கண்ணாலத்துக்கு முந்தியிருந்து பாக்கறேனுங்க. வராதுங்க” என்றாள் அவள்.

மறுநாள் அவரிடம் போய் நின்றேன். தண்டபாணி என்று எனக்கு ஒரு நண்பன், கல்லூரி விடுதியில் அறைத் தோழன், இந்தப் பக்கம்தான் எங்கோ மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தான், பார்த்து வெகு காலமாயிற்று என்றேன். அப்படி ஒரு ஆள் உலகத்திலேயே கிடையாது. அந்த நிமிடம் நான் உண்டாக்கியவன்.

விசாரிப்பு அண்ணன் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். “சிநேகிதருங்களா? வாங்க சார், விசாரிச்சுக்கலாம்.”

அன்று சாயங்காலம் நாங்கள் நடந்த நடையை நான் மறக்க மாட்டேன். ஒப்பணக்கார வீதியில் கல்யாண ஜவுளிக் கூட்டம் எங்களைத் தூக்கிக்கொண்டு போய் மணிக்கூண்டுப் பக்கம் இறக்கியது. ரங்கே கவுடர் வீதியில் மிளகாய் மூட்டைகளுக்கு நடுவே தும்மிக்கொண்டே விசாரித்தோம். பொன் வேலை செய்யும் சந்துகளில், விளக்கடியில் குனிந்திருந்தவர்கள் எங்களுக்காக நிமிர்ந்து பார்த்தார்கள். அண்ணன் எல்லோரிடமும் என்னைக் காட்டி, “சார் தன் சிநேகிதரத் தேடறாருங்க” என்றார். எல்லோரும் வருத்தப்பட்டார்கள். அடையாளம் கேட்டார்கள். நெற்றியில் ஒரு தழும்பு என்றேன். குணம் எப்படி என்று ஒரு வெங்காயக் கடைக்காரர் கேட்டார். விடுதிச் சமையல்கட்டில் பணியாரம் திருடித் தின்பவன் என்றேன். பொய் சொல்வதில் எனக்கு இவ்வளவு கை இருந்ததை அதுவரை அறியாமல் வீணாக்கிவிட்டேனே என்று நினைத்தேன். ‘தெரியாது’ மட்டும் வரவில்லை. இருட்டியதும், “சரி தம்பி, போகட்டும்” என்று வீட்டுக்குப் போய்விட்டேன்.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். இரண்டு நாள் கழித்து வாசலில் அழைப்பு மணி. அண்ணன் நிற்கிறார். பக்கத்தில் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர்.

“பெரியநாயக்கன்பாளையத்துக்காரருங்க. பேரு தண்டபாணி. இவருங்களா பாருங்க.”

இவரில்லை என்றேன். வந்தவரை வாசலோடு அனுப்ப முடியாதே என்று காபி கொடுத்தேன். கண்டக்டர் இரண்டு மணி நேரம் பேசினார். அடுத்த வாரம் மேட்டுப்பாளையம் காய்கறி மண்டியிலிருந்து ஒரு தண்டபாணி, “என்னைத் தேடறீங்களாமா?” என்று கேட்டபடி ஒரு பை பீட்ரூட்டோடு வந்து இறங்கினார். அதற்குப் பிறகு வந்த தண்டபாணிக்கு இருபத்தைந்து வயது இருக்கும், பொன் வேலைக்காரர்.

“ஏன் தம்பி, இவர் எப்படி என்னோடு படித்திருக்க முடியும்?” என்றேன்.

“பேரு சரியா இருக்குதுங்க. வயசுதான் சித்தெ முன்னப்பின்ன” என்றார் அண்ணன்.

மறைத்து என்ன ஆகப்போகிறது? எனக்கு அந்த நாட்கள் பிடித்திருந்தன. மணி அடித்தால் எழுந்து சட்டை போட்டுக்கொள்வேன். டீக்கடையில் முன்பின் தெரியாதவர்கள், “ஏனுங்க சார், ஆளு கெடைச்சாருங்களா?” என்று கேட்டார்கள். ஆகவே வாயைத் திறக்கவில்லை. என் சுகத்துக்காக ஒருவரை அலைய விட்டேன் என்பதுதான் இதற்குச் சரியான பெயர்.

ஒரு புதன்கிழமை அவருடைய மனைவி என்னைத் தேடி வந்தார். கையில் தைலக் குப்பி.

“சார், உங்க சிநேகிதர் கெடைக்கற வரைக்கும் செவ்வாக்கெழமை செவ்வாக்கெழமை மருதமலைக்குப் படியேறி வாரேன்னு வேண்டிக்கிட்டாருங்க. ஏறவும் ஆரம்பிச்சுட்டாருங்க. முட்டி ரெண்டும் பூசணியாட்டம் வீங்கிப் போச்சுங்க. நீங்க ஒரு வார்த்த சொன்னா கேப்பாருங்க. பஸ்ஸுல போயிட்டு வந்தாலும் முருகன் ஒத்துக்குவாருன்னு சொல்லுங்க.”

செருப்பை மாட்டிக்கொண்டு நேராகக் கடைக்குப் போனேன். அண்ணன் காலை நீட்டி உட்கார்ந்து ஒரு குக்கருக்கு ரப்பர் வளையம் மாட்டிக்கொண்டிருந்தார். நின்றபடியே சொல்லிவிட்டேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். “அப்ப தண்டபாணின்னு யாருமே இல்லீங்களா?”

“இல்லை.”

“கண்ணாடிக் கடை?”

“இல்லை.”

“நெத்தியில தழும்பு?”

“அதுவும் இல்லை.”

“அந்தப் பணியாரம் திருடித் தின்னது?”

“அது நான்.”

ரப்பர் வளையத்தை மடியில் வைத்தார். பிறகு மெதுவாக, “பாவமுங்க” என்றார்.

“யார், நானா?”

“அவருதானுங்க. தண்டபாணி.”

ஒருவர் இறந்த செய்தியைக் கேட்டவர் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது அவர் முகம். நான் ஒரு பொய்யைத்தான் ஒப்புக்கொண்டேன்; அவருக்குத் தெரிந்த ஒரு மனிதர் போய்விட்டார்.

டீக்கடையிலிருந்து மல்லிகா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். “ஏனுங்க வாத்தியாரே, பொழுது போகலீன்னா டிவி பாக்கறதுங்க! ஒரு மனுசனப் போட்டு இப்படியா அலைய உடுவீங்க? அவரு காலப் பாருங்க!” அன்று எனக்கு டீ கிடைக்கவில்லை. அதற்கடுத்த நாட்களில் கிடைத்த டீயில் சர்க்கரை இல்லை.

மறுநாள் ஒரு பெண் வந்து வளையல் கடை எங்கே என்று அண்ணனிடம் கேட்டாள். அவர் தலையைத் தூக்கவில்லை.

“தெரியாதுங்க.”

மல்லிகா கையில் இருந்த பால் சட்டி அப்படியே நின்றது. நான் ஜெயித்துவிட்டேன். எழுபது வயதுக்கு மேல் ஒரு மனிதன் ஜெயிக்கக் கூடாத ஜெயம் அது.

அதிலிருந்து அவர் கடையிலேயே இருந்தார். ஸ்டூலில் அவரே உட்கார்ந்திருந்தார். குக்கர்கள் சொன்ன நேரத்துக்குத் தயாராயின. அந்தச் சந்து அவ்வளவு கெட்ட நிலைமைக்கு வந்துவிட்டது. மன்னிப்புக் கேட்கலாம் என்று தினமும் போவேன். என்னைக் கண்டதும் எழுந்து நிற்பார். ஸ்டூலைத் துண்டால் துடைத்துப் போடுவார். “வாங்க சார். உக்காருங்க சார். டீ சொல்லட்டுங்களா சார்?” பல் டாக்டரிடம் என்னைத் தள்ளிவிட்டுச் சிரித்த மனிதர், ஆடிட்டரிடம் பேசுவது போல என்னிடம் பேசினார். எங்கள் பக்கத்தில் கோபத்தை இப்படித்தான் காட்டுவார்கள். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பேன். இந்த மரியாதையை எங்கே கொண்டுபோய் வைப்பது?

போன மாதம் ஒரு முகூர்த்த நாள். வெயில் ஏறிய காலையில் ஒரு வயதான தம்பதி, பட்டுச் சேலையும் கனத்த பையுமாக, சந்துக்குள் வந்தார்கள். சுக்கிரவார்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபம், பேத்தி கல்யாணம், பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து சுற்றுகிறோம் என்றார்கள்.

“தெரியாதுங்க” என்றார் அண்ணன்.

அந்தப் பெரியவர் தலையாட்டிக்கொண்டு திரும்பியதைப் பார்த்ததும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. “நான் கூட்டிக்கொண்டு போகிறேன்” என்று எழுந்தேன். செல்போன் வரைபடத்தைத் திறந்தேன். பூகோளம் படித்தவன்; எனக்கு வடக்கும் தெற்கும் தெரியும். இடது, வலது, மறுபடி வலது. கடைசியில் ஒரு குடோனின் பின்சுவருக்கு எதிரே மூன்று பேரும் நின்றோம். சுவருக்கு அந்தப் பக்கம் எங்கோ நாதஸ்வரம் கேட்டது. அந்த அம்மா பையைக் கீழே வைத்துவிட்டு, “தாலி கட்டறதையாச்சும் பாக்கலாம்னு வந்தோமுங்க” என்றார்.

அப்போது பின்னால் ஒரு குரல் வெடித்தது.

“ஏய்யா பெரிய மனுசா! வயசானவிங்கள இந்த வெயில்ல இப்படியா நிக்க வெப்பே? போன நோண்டற நேரத்துக்கு ஒரு ஆளக் கேட்டாத்தான் என்ன? அறிவிருக்குதா உனக்கு?”

கையில் ஸ்க்ரூ டிரைவரோடு, வீங்கிய காலை இழுத்துக்கொண்டு விசாரிப்பு அண்ணன் வந்துகொண்டிருந்தார். கல்லூரியில் முப்பது வருடம் யாரும் என்னை அப்படித் திட்டியதில்லை. காது குளிர்ந்தது. கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

அவர் அந்தப் பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். “பயப்படாதீங்க அம்மணி, கெட்டி மேளம் இன்னும் அடிக்கலீங்க. கேட்டுக்கிட்டே போயிரலாம்” என்றார். அவருக்கும் வழி தெரியாது. இஸ்திரி போடுபவரைக் கேட்டார், எலுமிச்சை விற்பவரைக் கேட்டார், மாடியில் துணி காயப்போட்ட பெண்ணை அண்ணாந்து கேட்டார். நாங்கள் உள்ளே நுழையும்போது தாலி கட்டிக்கொண்டிருந்தார்கள். பெரியவர் அழுதார். எங்களைப் பந்தியில் உட்கார வைத்துவிட்டுத்தான் விட்டார்கள்.

சாப்பிட்டு வெளியே வந்ததும் நான் பழைய பேச்சை எடுத்தேன். “தம்பி, அன்றைக்கு நான் செய்தது…”

“அதை உடு” என்றார் அவர். “ஆனா ஒண்ணு. உன்னையத் தனியா உட்டா மறுக்கா எவனாச்சும் ஒருத்தனப் பெத்து எறக்கிப்போடுவே. எனக்கு முட்டி தாங்காது. கூடவே வா.”

சொல்லிவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். ஒப்பணக்கார வீதி முழுக்க அன்று முகூர்த்தக் கூட்டம். தெருவைக் கடந்த பிறகும் அவர் கையை விடவில்லை. விட்டுவிடுவாரோ என்று நான் மெதுவாகவே நடந்தேன்.