மாமாவுக்கு ஏழே முக்கால்

நோன்பு காலத்தில், பின்னேர அஸர் தொழுகைக்கும் நோன்பு திறக்கும் மஃரிபுக்கும் இடையில் என்னோடு யாரும் கதைக்கக் கூடாது. என் வீட்டில் இப்போது இது எழுதாத சட்டம். பசி வந்தால் சிலருக்குத் தலையிடி வரும், சிலருக்குத் தூக்கம் வரும். எனக்குக் கோபம் வரும். (பசி இல்லாத நேரத்திலும் வரும் என்று என் மனைவி சொல்வாள். அவள் சொல்வதை எல்லாம் எழுத இங்கே இடம் போதாது.) அந்தக் கோபத்தோடு வாலிப வயதில் கற்பிட்டி இறங்குதுறையில் நான் நின்ற கோலத்தை நினைத்தால், அந்தப் பழைய நிஸாரைத் தேடிப் பிடித்துக் கன்னத்தில் இரண்டு போட வேண்டும் போலிருக்கிறது.

யுத்தம் முடிந்து, டொல்பின் பார்க்க வெள்ளைக்காரர் எங்கள் ஊருக்கு வரத் தொடங்கிய காலம். நான் அப்போதுதான் ஒரு பெரிய உல்லாசக் கப்பலில் வேலை செய்துவிட்டுத் திரும்பியிருந்தேன். என்ன வேலை என்று கேட்டவர்களிடம் 'மெனேஜர்' என்று சொன்னேன். உண்மையில், சாப்பாட்டு மண்டபத்தின் வாசலில் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு நின்று, "உங்கள் பதிவு எத்தனை மணிக்கு?" என்று கேட்பதுதான் என் வேலை. அங்கே இராச் சாப்பாட்டுக்கு இதுதான் நேரம் என்று கிடையாது. விரும்பிய நேரத்துக்கு வரலாம். ஆனால், அந்த விரும்பிய நேரத்தை முன்கூட்டியே பதிந்திருக்க வேண்டும். பதியாமல் வந்தால், எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் சிரித்துக்கொண்டே திருப்பி அனுப்பிவிடுவேன். கோடீஸ்வரர்களையே திருப்பி அனுப்பியவனுக்குக் கற்பிட்டி எம்மாத்திரம்?

நானும், நானா என்று நான் கூப்பிடும் என் அண்ணனும் சேர்ந்து, உப்பு மூட்டை ஏற்றிய ஒரு பழைய தட்டைப் படகை வாங்கினோம். அதற்கு வெள்ளைப் பெயின்ட் அடித்து, மேசை கதிரை போட்டு, வண்ண பல்ப் தொங்கவிட்டோம். நான் அதைக் கப்பல் என்றேன். ஊர் அதைத் தோணி என்றது. (முதல் கோபம் அங்கேயே வந்தது.) கடலோரக் களப்பில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டே சாப்பாடு, இதுதான் தொழில்.

இந்தக் கப்பலில் என் கல்யாணமும் ஏறியிருந்தது. கருவாடு காயப்போடும் வாடி வைத்திருந்த ஹாஜியாரின் மகள் பஸீலாவைக் கேட்டு உம்மா போயிருந்தார். "பொடியன்ட தொழிலைப் பார்த்திட்டுச் சொல்றேன்" என்று ஹாஜியார் சொல்லி அனுப்பிவிட்டார். அவர் வந்து பார்த்து 'சரி' சொன்னால் பஸீலா எனக்கு. இல்லையென்றால், தில்லையடியில் ஒரு புடவைக்கடை மாப்பிள்ளை தயாராக இருந்தான். அவனுடைய கடையில் எல்லாம் ஒழுங்காக இருந்தது என்று கேள்வி. அதற்கும் எனக்குக் கோபம்தான்.

நோன்பு வந்தது. கப்பலில் நோன்பு காலச் சிறப்பு விருந்து என்று அறிவித்தேன். ஆறேகால், ஏழு, ஏழே முக்கால் என்று மூன்று பந்தி. விரும்பியதைப் பதியலாம்.

"டேய், எல்லாரும் மஃரிபுக்குத்தானே நோன்பு திறப்பாங்க? ஏழே முக்காலுக்கு எவன் வருவான்?" என்று நானா கேட்டார்.

"நோன்பு திறக்கிறது வேற, சாப்பாடு வேற நானா. வீட்டில பேரீச்சம்பழத்தைக் கடிச்சிட்டு, ஆறுதலா வந்து சாப்பிடுவாங்க. பெரிய கப்பல்ல எல்லாம் இப்பிடித்தான்."

"பெரிய கப்பல்ல நோன்பா பிடிச்சாங்க?"

நான் அவரோடு இரண்டு நாள் பேசவில்லை.

தொலைபேசியில் பதிவுகள் குவிந்தன. எந்த நேரம் சொன்னாலும் ஒருவரும் மறுக்கவில்லை. "எந்த நேரமெண்டாலும் பரவாயில்ல தம்பி, நோன்பு திறக்க வந்திடுறோம்" என்றார்கள். அடடா, எவ்வளவு வளைந்து கொடுக்கும் சனம் என்று நான் பூரித்துப்போனேன். ஹாஜியாருக்கு மட்டும் நானே யோசித்து நேரம் ஒதுக்கினேன். பெரிய கப்பலில் பெரிய மனிதர்கள் பிந்தித்தான் சாப்பிடுவார்கள். ஆகவே அவருக்குக் கடைசிப் பந்தி, நல்ல மேசை. "மாமா, உங்களுக்கு ஸ்பெஷலா ஏழே முக்கால்" என்றேன். "சரி தம்பி, நோன்பு திறக்க வாறோம்" என்றார் அவர். என் காதில் 'சரி' மட்டும்தான் விழுந்தது.

அன்று மஃரிபுக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. மூன்று பந்திக்காரரும் ஒன்றாக இறங்குதுறையில் வந்து நின்றார்கள். ஐந்து பேருக்குப் பதிந்தவர் பத்துப் பேரோடு வந்திருந்தார். எங்கள் ஊரில் விருந்துக்கு எத்தனை பேர் வருவோம் என்று சொல்வது மரியாதை இல்லை. கூப்பிட்டால் வருவோம், வரும்போது கூட இருப்பவர்களும் வருவார்கள். வெறுங்கையோடும் வர மாட்டோம். ஆகவே ஆளுக்கொரு கஞ்சி வாளி, சமோசா ஓலைப்பெட்டி, வட்டிலப்பம். கொண்டுவந்ததை எல்லாம் உரிமையோடு என் கப்பலில் ஏற்றி, என் மேசைகளில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

எனக்குக் கண் இருட்டியது. பசி, தாகம், கழுத்துப்பட்டி மூன்றும் சேர்ந்து நெரித்தன.

"வெளிச் சாப்பாடு கப்பலுக்குள்ள வரக் கூடாது! நானா, சட்டி வாளி எல்லாத்தையும் இறக்குங்க! ஒண்டும் இருக்கக் கூடாது!" என்று கத்தினேன்.

"எல்லாத்தையுமா?" என்று நானா கேட்டார்.

"எல்லாத்தையும் எண்டா எல்லாத்தையும்தான்! உங்களுக்கு ஒண்டை எத்தனை தரம் சொல்றது?"

நானா ஒரு வார்த்தை பேசாமல் போனார். அவர் பேசாமல் போனால் பயப்பட வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே எனக்குத் தெரியும். அன்று பயப்பட நேரம் இருக்கவில்லை. கப்பலில் ஏறும் பலகையின் முன்னால் பதிவுக் கொப்பியோடு நின்று, ஆறேகால்காரரை மட்டும் ஏற்றினேன். மற்றவர்களை, "உங்கள் நேரம் வரட்டும்" என்று தள்ளிவிட்டேன்.

அப்போதுதான் ஹாஜியார் வந்தார். வெள்ளைச் சாரம், வெள்ளைத் தொப்பி, பின்னால் குடும்பம் முழுக்க. கடைசியில் பஸீலா, கையில் கஞ்சி வாளி.

"மாமா, உங்களுக்கு ஏழே முக்கால்" என்றேன்.

அவர் சூரியனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "ஏழே முக்காலுக்கு என்ன தம்பி, விடியச் சாப்பிடுற சஹரா?"

"இல்ல மாமா, உங்கட பதிவு..."

"ஏழே முக்காலுக்கு நான் தராவீஹ் தொழப் பள்ளியில நிக்கணும். இப்ப இடம் இல்லையா?"

இந்த இடத்தில் கொஞ்சம் மூளை உள்ளவன் என்ன செய்வான்? பலகையில் படுத்து, 'என் மேல் மிதித்து ஏறுங்கள்' என்று சொல்வான். நான் கொப்பியைப் புரட்டினேன். பெரிய கப்பலில் பழகிய அதே சிரிப்பைச் சிரித்தேன்.

"இடம் இல்ல மாமா. ரத்துச் செய்யிறதெண்டா இப்பவே சொல்லுங்க. வேற ஆளுக்குக் குடுக்கலாம்."

ஹாஜியாரின் காது சிவந்தது. "என்ட வாடியில கருவாடு புரட்டுற ஆளுக்கும் பசிக்கிற நேரத்துக்குத்தான் சோறு போடுறேன்" என்றார். சத்தம் போடவில்லை. போட்டிருக்கலாம். பஸீலா என்னைப் பார்த்த பார்வையில், தில்லையடிப் புடவைக்கடை பளிச்சென்று தெரிந்தது.

நான் என்ன செய்தேன்? பலகையை இழுத்தேன். இன்ஜினைப் போட்டேன். எனக்கு நேரம் முக்கியமாம்!

நடுக்களப்புக்குப் போகும் வழியிலேயே பள்ளியிலிருந்து பாங்கு கேட்டது. கப்பலில் இருந்த நாற்பது பேரும் பிஸ்மி சொல்லி மேசையைப் பார்த்தார்கள். மேசையில் மேசைவிரிப்பு இருந்தது. வேறொன்றும் இல்லை. கஞ்சி இல்லை, பேரீச்சம்பழம் இல்லை, தண்ணீர்ப் போத்தல்கூட இல்லை. என் சொந்த பிரியாணிச் சட்டிகளையும் சேர்த்து எல்லாவற்றையும் நானா இறங்குதுறையில் இறக்கிவைத்திருந்தார்.

"நானா! எங்க நம்மட சாப்பாடு?"

"நீதானே எல்லாத்தையும் எண்டு சொன்ன."

அந்தக் கப்பலில் தின்பதற்கென்று இருந்தது ஒரே ஒரு டொபி. அது கூட்டத்தோடு வந்த அந்தோனி அண்ணனின் சட்டைப் பையில் இருந்தது. அவர் வேதக்காரர், தேவாலயம் போகிறவர். நோன்பு பிடிக்காத ஒரே ஆளும் அவர்தான். நல்ல மனிதர், எடுத்து நீட்டினார். நாற்பது பேர் திரும்பிப் பார்த்ததும் பயந்துபோய் மீண்டும் பைக்குள் போட்டுக்கொண்டார்.

பதறிப்போய்க் கப்பலைத் திருப்பினேன். ஆத்திரத்தில் திருப்பியதில் அது மணல்திட்டில் ஏறி, கிர்ரென்று நின்றது. இன்ஜின் கத்தியது, நானும் கத்தினேன். கப்பல் அசையவில்லை.

அங்கிருந்து பார்த்தால் இறங்குதுறை கைக்கெட்டும் தூரம். நான் திருப்பி அனுப்பிய சனம் முழுக்கப் பாய் விரித்து, வட்டம் வட்டமாக இருந்தது. தாங்கள் கொண்டுவந்த கஞ்சியைக் குடித்தார்கள். என் பிரியாணியைத் தின்றார்கள். நடுவில் ஹாஜியார் எல்லோருக்கும் அள்ளி வைத்துக்கொண்டிருந்தார். காற்று வேறு எங்கள் பக்கமாக வீசியது.

"தண்ணி முழங்கால்தான் தம்பி" என்றார் அந்தோனி அண்ணன். அவ்வளவுதான். ஒருவர் சாரத்தை மடித்துக் கட்டி இறங்கினார். அடுத்தவர் இறங்கினார். பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். ஒரு பெரியவர் போகும்போது என் தோளைத் தட்டி, "நல்ல கப்பல்" என்றார். நானாவும் இறங்கிப் போய்விட்டார். நான் இறங்கவில்லை. கப்பல்காரன் கப்பலை விட்டுப் போக மாட்டான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் வெட்கம். வெட்கம் வந்தாலும் எனக்குக் கோபமாகத்தான் வரும். வண்ண பல்ப் மின்ன, வெறும் கதிரைகளுக்கு நடுவில், நோன்பும் திறக்காமல், ஊரை எல்லாம் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பஸீலா போனாள், தொழில் போனது, மானம் போனது. கழுத்துப்பட்டி மட்டும் இருந்தது.

தண்ணீரில் சளக் சளக் என்று சத்தம். எட்டிப் பார்த்தேன். ஹாஜியார்! வெள்ளைச் சாரத்தை முழங்காலுக்கு மேலே சுருட்டிப் பிடித்துக்கொண்டு, மறு கையில் கஞ்சிக் கோப்பையோடு வந்துகொண்டிருந்தார். கோப்பை மேல் இரண்டு பேரீச்சம்பழம். அறையத்தான் வருகிறார் என்று நினைத்து எழுந்து நின்றேன். அவர் மெதுவாக ஏறி, சாரத்தைப் பிழிந்து, தொப்பியைச் சரிசெய்தார். சுற்றி இருந்த நாற்பது வெறும் கதிரைகளையும் ஒருமுறை பார்த்தார்.

"எனக்கு ஏழே முக்கால்தான். கொஞ்சம் நேரத்தோட வந்திட்டேன். ஒரு கதிரை கிடைக்குமா மருமகன்?"

அதுவரை அவர் என்னைத் தம்பி என்றுதான் கூப்பிட்டவர். அவரே பேரீச்சம்பழத்தை எடுத்து என் வாயில் திணித்தார். "முதல்ல நோன்பைத் திறங்க. பசியில இருக்கிறவனோட நான் கதைக்க மாட்டேன்" என்றார்.

கல்யாணம் நடந்தது. கப்பலை விற்றுவிட்டோம். ஆனால் அந்த ஏழே முக்கால் மட்டும் என்னை விடவில்லை. நோன்பு திறக்கும் நேரம் எல்லோருக்கும் கஞ்சி ஊற்றும் பஸீலா, என் கோப்பையை மட்டும் தள்ளி வைத்து, "உங்களுக்கு ஏழே முக்கால்" என்பாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். மாமாவோ ஒவ்வொரு வருடமும் முதல் நோன்பன்று, அஸர் முடிந்த கையோடு, என் கோபம் உச்சியில் இருக்கும் நேரம் பார்த்துத் தொலைபேசியில் வருவார். "மருமகன், இந்த வருசம் எனக்கு எத்தனை மணி?" நான் பல்லைக் கடித்துக்கொண்டு வைத்துவிடுவேன்.

போன வருடம் முதல் நோன்பன்று அழைப்பு வரவில்லை. மாமா ஆஸ்பத்திரியில், நோன்பு பிடிக்க முடியாத நிலையில் படுத்திருந்தார். தெரிந்துதான் இருந்தது. இருந்தும் தொலைபேசியைப் பார்த்துப் பார்த்து எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பஸீலா தேநீர் ஊற்றும் சத்தத்துக்கும் அவள் மேல் பாய்ந்தேன். கடைசியில் பொறுக்க முடியாமல் நானே எடுத்தேன்.

"மாமா, இண்டைக்கு ஏழே முக்காலுக்கு ஒரு கதிரை வச்சிருக்கேன். வாறீங்களா இல்லையா? ஒழுங்காச் சொல்லுங்க!" என்று கத்தினேன்.

அந்தப் பக்கம் மூச்சு இளைத்தது.

"ரத்துச் செய்யாதீங்க மருமகன்" என்றார். "பிந்தினாலும் வருவேன்."